கை தனி, தலை தனி

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆலன் பெர்ரி, மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையர் போர்வீரர் பொம்மைகளை வடிக்கிறார்கள். 1996-ல் பிரான்சின் கிரெஸியில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டியபோது நடந்த பீரங்கி விபத்தில் மைக்கேல் வலது கையை இழந்தார். இடது கையால் வடிக்கப் பழகிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார். அவர்கள் விற்கும் 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வீரர்களில், 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களின் காலாட்படைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த வீரனுக்கு முன்னோர் உண்டு. 1893-ல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் பொம்மை வீரர்களை உள்ளே வெற்றிடம் விட்டு ஈயத்தில் வார்த்தது; ஈயம் மிச்சமானதால் விலையும் இறங்கியது. ஈயத்தின் நச்சு அந்தக் காலத்தை முடித்து வைத்தது. 1966-ல் பிரிட்டன் நிறுவனம் ஈய வார்ப்பை நிறுத்தியது. அதற்குள் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சின்னஞ்சிறு வீரர்களைப் பாலித்தீனில் விற்கத் தொடங்கியிருந்தது. பாலித்தீன் வளையும், வளைந்தால் பெயின்ட் உரிந்துவிடும். இன்றைய வீரர்களை வார்க்கும் கெட்டியான பாலிஸ்டைரீனில் அந்தத் தொல்லை இல்லை.

இத்தகைய பொம்மையை முதலில் மூன்று மடங்கு பெரிதாக வடிப்பதே நெடுநாள் வழக்கம். அதைத் தடவிச் செல்லும் கருவி, சிறிய அளவில் எஃகு அச்சைக் குடையும். இப்போது பலர் கணினியிலேயே வடிக்கிறார்கள். எப்படி வடித்தாலும் ஒரு கட்டுப்பாட்டுக்குத் தப்ப முடியாது: எஃகு அச்சின் இரு பாதிகளும் நேராக விலக வேண்டும். மார்புக்கு முன் மடங்கிய கைக்குப் பின்னால் பள்ளம் இருந்தால் பொம்மை அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். ஆகவே கை தனி, தலை தனி, ஈட்டி தனி என்று பிரித்து, எல்லாத் துண்டுகளும் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும்படி வார்க்கிறார்கள். வாங்குகிறவர் தலையைத் திருப்பியும் கையை மாற்றியும் ஒட்டலாம். ஒரு சட்டத்து வீரர்கள் ஒருவர்போல் ஒருவர் இல்லாமல் நிற்பது இதனால்தான். தொழில்நுட்பம் போட்ட தடை இங்கே வரமாகிவிட்டது.

எஃகு அச்சுக்குச் செலவு அதிகம். நிறைய விற்றால்தான் கட்டுப்படியாகும். அதிகம் பேர் கேட்காத படைகள் இன்றும் ரப்பர் அச்சில் உலோகமாகவே வார்க்கப்படுகின்றன.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. துண்டுகளைக் கட்டரால் நறுக்கி, அச்சு சேர்ந்த இடத்துக் கோட்டைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். இதற்கான பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். பிறகு பிரைமர், அதன்மேல் நீர்த்த அக்ரிலிக்.

வீரன் அணிந்திருப்பது பல மடிப்புத் துணி வைத்துத் தைத்த மெத்தைச் சட்டை. தண்ணீராய்க் கரைத்த பழுப்பு நிறத்தைத் தடவினால் அது தையல் வரிகளில் இறங்கித் தங்கும். ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். எனக்கு இந்த வேலையில் மிகுந்த மகிழ்ச்சி தரும் கணம் அதுதான். அவன் யாருடைய ஆள் என்பதை மேலங்கியின் நிறம் சொல்லும்: சிவப்புப் பூசினால் அவன் வாரிக் பிரபுவின் ஆள். கருஞ்சிவப்பும் நீலமும் பூசினால் யார்க் வம்சத்து மன்னர் நான்காம் எட்வர்டின் ஆள். சிற்பியும் அச்சுக்காரரும் முடிவு செய்யாமல் விட்டதைப் பூசுகிறவர் முடிவு செய்கிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே ஒரு பெட்டி வாங்குங்கள். அதிலுள்ள கடைசி வீரனுக்கும் பூசி முடித்த பிறகு அடுத்ததை வாங்குங்கள்.