நின்றவை மட்டும்

1867-ல் நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் எடுத்த ஒரு படம். சுற்றிலும் மணல்மேடுகள். நடுவே ஒரு வண்டி, பூட்டிய கோவேறு கழுதைகள். வண்டியருகிலிருந்து காலடித் தடங்கள் கேமரா நின்ற இடம்வரை வருகின்றன. எடுத்தவர் டிமொத்தி ஓசல்லிவன். நான்கு வருடங்களுக்கு முன் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பிணங்களைப் படமெடுத்த அதே ஆள்.

அந்த வண்டிதான் அவருடைய இருட்டறை. அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். பாலைவன வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? தகட்டைத் தூக்கிக்கொண்டு அந்த மணலில் மனிதர் ஓட்டமும் நடையுமாகத்தான் போயிருப்பார்.

தகடு ரொம்ப மந்தம். நல்ல வெயிலிலும் சில விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நகர்ந்தது எதுவும் மங்கிப்போகும், அல்லது பதிவே ஆகாது. தகடு நீல ஒளிக்கு மட்டும் அதிகமாக மசிவதால் வானமும் வெறும் வெள்ளை. மேகம்கூடக் கிடையாது.

ஒருமுறை விளையாட்டாக ஒரு புரோகிராம் எழுதினேன். கூட்டமான தெருவை ஒரே கோணத்தில் இருபது படம் எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் இடைநிலை மதிப்பை எடுத்தால் போதும், நடப்பவர்கள் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள். தெரு காலி. அன்று சிரித்தேன். ஓசல்லிவனின் படங்களைப் பார்த்தபிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

தகட்டுக்கு வெயில் வேண்டும். ஆனால் வெயில் நேரத்தில் கங்காரு எலி வளைக்குள் தூங்கும், நரி நிழலில் கிடக்கும். மணலில் உயிர் நடமாடுவது இரவில். அதைப் பிடிக்க வேகமான தகடுகளும் ஃபிளாஷும் வரவேண்டியிருந்தது. ஜார்ஜ் ஷைராஸ் எடுத்த இரவு விலங்குப் படங்களை நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்டது 1906-ல்தான்.

மனிதர்கள் விஷயம் இன்னும் சிக்கல். அந்தப் பகுதி வடக்குப் பையூட் மக்களின் நிலம். பக்கத்திலேயே சதுப்பு, மீன், வாத்து, கோரை எல்லாம் உண்டு. ஓசல்லிவனோ கிளாரன்ஸ் கிங் தலைமையிலான நாற்பதாம் அட்சரேகை சர்வேயின் ஊழியர். ரயில்பாதை ஒட்டிய நிலத்தில் என்ன கனிமம் இருக்கிறது, எதற்குப் பயன்படும் என்று அரசுக்குச் சொல்வது அந்த சர்வேயின் வேலை. பின்னாளில் வேறொரு சர்வேயில் அவர் மொஹாவே, நவஹோ மக்களையும் எடுத்தார். அவர்கள் அசையாமல் நின்றார்கள், அதனால் பதிவானார்கள். படத்தில் இல்லாதவர்களை அதிகாரிகள் இல்லாதவர்களாகவே எண்ணிக்கொள்வது சுலபம்.

1951-ல் நெவாடாவில் அணுகுண்டு சோதனைகள் தொடங்கின. 1963-ல் ஃபாலன் நகரத்துக்கு அருகில், அந்த மணல்மேடுகள் இருக்கும் வட்டாரத்திலேயே, நிலத்தடியில் ஒன்றை வெடித்தார்கள். ஆளில்லாத இடம் என்ற எண்ணத்துக்கு அதற்குள் வயதாகிவிட்டிருந்தது. ஒரு தகட்டின் மந்தமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணத்துக்குச் சாட்சி சொல்ல இப்படிப்பட்ட படங்கள் வசதியாக இருந்தன.

ஓசல்லிவன் காசநோயில் 1882-ல் இறந்தபோது வயது 42. கார்சன் படத்தில் அவர் இல்லை, கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். தன் தடங்களை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறார். பாலைவனப் படம் எதைப் பார்த்தாலும் இப்போது முதலில் மணலைத்தான் தேடுகிறேன். யாராவது நடந்திருப்பார்கள்.