மஞ்சள் விளக்கும் ஒரு பேப்பர் கிளிப்பும்

ஓடிக்கொண்டிருக்கும் காரின் டேஷ்போர்டில் திடீரென்று ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. இஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை, பிரேக் பிடிக்கிறது, வண்டியும் போகிறது. டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் வேலை செய்யவில்லை என்கிறது விளக்கு. ஏன் செய்யவில்லை என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்கனவே கண்டுபிடித்து, ஒரு கோட் எண்ணாகக் குறித்தும் வைத்துவிட்டது. ஆனால் காசு கொடுத்து வண்டி வாங்கியவரால் அதைப் படிக்க முடியாது! அமெரிக்காவில் வீட்டு வாசலிலேயே கார் ரிப்பேர் பார்த்துக்கொள்பவர்கள் பல வருடங்கள் முட்டிக்கொண்டு நின்றது இந்த இடத்தில்தான்.

டிராக்ஷன் கன்ட்ரோல் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1971-லேயே ப்யூக் நிறுவனம் 'மேக்ஸ் டிராக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முன் சக்கரத்தின் வேகத்தையும், கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பின் சக்கரம் வழுக்கிச் சுற்றினால் இக்னிஷனை விட்டு விட்டுத் துண்டிக்கும். நல்ல யோசனைதான், ஆனால் சில வருடங்களில் காணாமல் போய்விட்டது. 1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் பிரேக் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது. அதே சென்சார்களை வைத்து 1986-ல் பாஷ் டிராக்ஷன் கன்ட்ரோலையும் செய்தது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கும் சென்சார், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வழுக்குகிறதா என்றும் பார்க்கலாம் அல்லவா? ஒரு சென்சார் கெட்டால் இரண்டு விளக்கும் சேர்ந்தே எரிவதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் காலத்து சென்சார் ரொம்ப எளிமையானது. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள், எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல் வைத்த இரும்பு வளையம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சின்னதாக ஒரு மின்சாரம் பிறக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சென்சார் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் போதும். முள் ஆடினால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. ஆடாவிட்டால் மறுபக்கத்துச் சக்கரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். இதற்கு எந்த டீலரும் தேவைப்படவில்லை.

கோட் எண்ணைப் படிப்பதும் அப்படித்தான் இருந்தது. 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஏ, பி என்ற இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் இஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. டொயோட்டாவிலும் இதுபோல இரண்டு முனைகளை இணைத்தால் ஏபிஎஸ் விளக்கு சிமிட்டி எண் சொல்லும். செலவு ஒரு பேப்பர் கிளிப்!

பிறகு புகைக்காக ஒரு சட்டம் வந்தது. லாஸ் ஏஞ்சலஸின் காற்று மாசோடு போராடிக்கொண்டிருந்த கலிபோர்னியா, 1988 மாடல் முதல் கார்களே தங்கள் புகைக் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றது. 1990-ல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், அந்த ரிப்பேர் விவரங்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தரவேண்டும் என்றது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி 16 முனை சாக்கெட் வந்தது. அதுதான் ஓபிடி-2. கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2005-ல் விட்ட இஎல்எம்327 என்ற சிப்பைச் சீனாவில் காப்பியடித்துக் குவித்த பிறகு, கோட் படிக்கும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும் விலைக்கு வந்துவிட்டது. (முதல் பதிப்பில் காப்பியைத் தடுக்கும் பூட்டைப் போடாமல் விட்டுவிட்டார்கள். எல்ம் நிறுவனம் 2022-ல் மூடப்பட்டது.)

ஆனால் சட்டம் கவலைப்பட்டது புகையைப் பற்றி மட்டும்தான். பி என்ற எழுத்தில் தொடங்கும் இஞ்சின் கோட்கள் திறந்துவிடப்பட்டன. பிரேக், டிராக்ஷன் கன்ட்ரோல் ஆகியவற்றின் கோட்கள் சி-யில் தொடங்குபவை. அவை அதே சாக்கெட் வழியாகத்தான் வெளியே வரும், ஆனால் கம்பெனியின் சொந்த மொழியில். மலிவுக் கருவியைச் செருகினால் "கோளாறு எதுவும் இல்லை" என்று சொல்லும், மஞ்சள் விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். இதற்குள் சென்சார்களும் மாறிவிட்டன. உள்ளே சின்ன மின்சுற்று வைத்த புதிய வகையை மல்டிமீட்டரில் பழைய முறைப்படி சோதிக்க முடியாது. பேப்பர் கிளிப்பும் போய், மீட்டரும் போய், மிஞ்சியது டீலரின் பில் மட்டுமே. வணிகவியலில் இதற்கு ஏகபோகம் என்று பெயர்.

இத்தனைக்கும் பூட்டுக்குப் பின்னால் இருந்த கோளாறு பல நேரம் வெறும் துருதான். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் சென்சாருக்கு அடியில் துரு ஏறி, அதை வளையத்திலிருந்து மெல்லத் தூக்கிவிடும். இடைவெளி கூடினால் சிக்னல் குறையும். 2005-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்காகவே 1999 முதல் 2002 வரையிலான சுமார் 8 லட்சம் பிக்கப், எஸ்யூவி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மெதுவாகப் போகும்போது சக்கரம் நின்றுவிட்டதாகக் கம்ப்யூட்டர் தப்பாக நினைத்து ஏபிஎஸ்ஸை இயக்கியதால், வண்டி நிற்கும் தூரம் நீண்டது. கம்பெனி சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? துருவைச் சுத்தம் செய்து, துருப்பிடிக்காத பூச்சு பூசுவது, தேவைப்பட்டால் சென்சாரை மாற்றுவது. உப்புத்தாள் வைத்திருக்கும் எவரும் வாசலில் செய்யக்கூடிய வேலை, எந்தச் சக்கரம் என்று தெரிந்தால்!

அதைத் தெரிந்துகொள்ள ஆர்வலர்கள் பின்வாசல் தேடினார்கள். வோக்ஸ்வாகனுக்கு வாக்-காம், ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் போன்ற மென்பொருள்கள் கம்பெனி மொழியைப் படித்துச் சொல்லின. முன்வாசலும் தட்டப்பட்டது. 2001-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட 'ரிப்பேர் உரிமை' மசோதா நிறைவேறவில்லை. 2012-ல் மாசசூசெட்ஸ் மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். டீலருக்குத் தரும் அதே விவரத்தை நியாயமான விலைக்கு உரிமையாளருக்கும் தரவேண்டும் என்றது அந்தச் சட்டம். ஐம்பது மாநிலங்களுக்கு ஐம்பது சட்டம் வந்துவிடுமோ என்று பயந்த கம்பெனிகள், 2014-ல் நாடு முழுவதற்குமாக ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தன.

அந்த ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது. சாக்கெட் வழியாக இல்லாமல் ரேடியோ அலையில் நேரே கம்பெனிக்குப் போகும் தகவலை அது கட்டுப்படுத்தவில்லை. 2020 நவம்பரில் மாசசூசெட்ஸ் மறுபடியும் வாக்களித்தது, சுமார் 75 சதவீதம் பேர் ஆதரவு. அதே மாதம் கார் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்விட்டன.