போரில் வான்குடை நடவடிக்கைகள்

பாராசூட் என்று பரவலாக அறியப்படும் வான்குடையைக் கொண்டு படைவீரர்களை விமானத்திலிருந்து இறக்கி, எதிரியின் முன்னணிக்குப் பின்னால் போரிட வைக்கும் முறை வான்குடை நடவடிக்கை எனப்படுகிறது. பாலம், விமானதளம், கோட்டை, மலைக்கணவாய் போன்ற முக்கிய இடங்களை எதிரி எதிர்பாராத நேரத்தில் கைப்பற்றுவது இதன் முதன்மையான நோக்கம். இரண்டாம் உலகப்போர்தான் இம்முறையின் உச்சகாலம். அப்போரின் ஆறு ஆண்டுகளில் ஒரு பாலத்தைப் பிடிக்க இறங்கிய சில டஜன் வீரர்கள் முதல் ஒரே நாளில் ஒரே பகுதியில் இறங்கிய பதினாறாயிரம் பேர் வரை எல்லா அளவிலும் இது சோதித்துப் பார்க்கப்பட்டது.

வான்குடை வீரர் தரையைத் தொட்டதும் காலாட்படை வீரராகிவிடுகிறார். டாங்கியும் கனரகப் பீரங்கியும் அவருக்குத் துணையில்லை. உடன் கொண்டுவந்த தோட்டா தீர்ந்தால் அடுத்தது வானிலிருந்துதான் விழ வேண்டும். ஆகவே சொந்தத் தரைப்படை எத்தனை விரைவில் வந்து சேர்கிறது என்பதே இந்நடவடிக்கைகளின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

தோற்றம்

1918இல் அமெரிக்க விமானப்படைத் தளபதி பில்லி மிட்செல், அடுத்த ஆண்டு மெட்ஸ் நகருக்கருகே ஜெர்மானிய அரண்களுக்குப் பின்னால் காலாட்படையினரை வான்குடையில் இறக்கலாம் என்று திட்டமிட்டார். அதற்குள் முதல் உலகப்போர் முடிந்துவிட்டதால் திட்டம் ஏட்டளவில் நின்றது. 1920களின் பிற்பகுதியில் இத்தாலி குழுவாகக் குதிக்கும் பயிற்சிகளைத் தொடங்கியது.

இந்த எண்ணத்துக்கு முழு உருவம் கொடுத்தது சோவியத் ஒன்றியம். 1930 ஆகஸ்ட் 2 அன்று வரோனெஷ் நகருக்கருகே நடந்த பயிற்சியில் பன்னிரண்டு பேர் ஆயுதங்களுடன் இறங்கினர். ரஷ்ய வான்வழிப் படைகள் இன்றும் அந்நாளையே தங்கள் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றன. 1935இல் கீவ் அருகே நடந்த போர்ப் பயிற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் குதித்ததை வெளிநாட்டு இராணுவப் பார்வையாளர்கள் நேரில் கண்டனர். ஜெர்மனி அடுத்த ஆண்டே ஸ்டெண்டல் நகரில் தன் வான்குடைப் பள்ளியை நிறுவியது. ஜெர்மானிய வான்குடைப் படையை வளர்த்த குர்ட் ஸ்டூடென்ட் முதல் உலகப்போரில் போர்விமானி. அவருடைய வீரர்கள் தரைப்படையில் அல்லாது விமானப்படையில் சேர்க்கப்பட்டிருந்தனர்.

கருவிகளும் முறையும்

போர்க்களத்தில் பெரும்பாலான வீரர்கள் தங்கள் வான்குடையைத் தாமே திறப்பதில்லை. விமானத்தினுள் ஓடும் கம்பியில் மாட்டப்பட்ட ஒரு பட்டை, வீரர் வெளியே குதித்ததும் இழுபட்டு வான்குடையைத் திறந்துவிடும். சில நூறு அடி உயரத்திலிருந்தே குதிக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. உயரம் குறைந்தால் வானில் தொங்கும் நேரமும் எதிரி சுடுவதற்கான நேரமும் குறையும்.

ஜெர்மானியர்கள் யுங்கர்ஸ் 52 விமானத்தையும், நேச நாட்டினர் முக்கியமாக டக்கோட்டா விமானத்தையும் பயன்படுத்தினர். வான்குடைத் துணி முதலில் பட்டில் நெய்யப்பட்டது. ஜப்பானுடன் போர் மூண்டு பட்டு வரத்து நின்றதும் நைலான் அவ்விடத்தைப் பிடித்தது. ஜெர்மானிய வான்குடையில் வீரர் முதுகிலுள்ள ஒற்றைப் பிணைப்பில் தொங்கியதால் இறங்கும் திசையை அவரால் மாற்ற இயலவில்லை. துப்பாக்கிகளும் பெரும்பாலும் தனிப் பெட்டிகளில் இறக்கப்பட்டன. இந்தக் குறை பின்னர் கிரீட் தீவில் பல உயிர்களைக் குடித்தது.

இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களும் இப்படைகளின் அங்கமாக இருந்தன. இழுவை விமானத்தின் பின்னால் கயிற்றில் வந்து, பின் விடுபட்டு ஓசையின்றி இறங்கும் கிளைடர் ஒரு முழு அணியையோ ஜீப்பையோ சிறு பீரங்கியையோ ஒரே இடத்தில் சேர்த்துவிடும். வான்குடையில் வருவோர் சிதறுவதுபோல் கிளைடரில் வருவோர் சிதறுவதில்லை.

ஜெர்மனியின் தொடக்க வெற்றிகளும் கிரீட் தீவும்

போரில் முதல் வான்குடைத் தாக்குதல்கள் 1940 ஏப்ரல் 9 அன்று டென்மார்க்கிலும் நார்வேயிலும் நடந்தன. ஸ்டாவங்கர் அருகே சோலா விமானதளம் சில மணி நேரத்தில் வீழ்ந்தது. மே 10 அன்று பெல்ஜியத்தின் எபென் எமேல் கோட்டையின் கூரைமீதே ஒன்பது கிளைடர்கள் இறங்கின. அவற்றில் வந்த எண்பதுக்கும் குறைவான வீரர்கள், அதுவரை போரில் பயன்படுத்தப்படாத குழிவு வெடிகளால் பீரங்கிக் கோபுரங்களைச் செயலிழக்கச் செய்தனர். அன்றைய ஐரோப்பாவின் வலுவான கோட்டைகளில் ஒன்று மறுநாளே சரணடைந்தது. அதே மே 10 அன்று நெதர்லாந்தின் மூர்டைக் பாலங்கள் கைப்பற்றப்பட்டன. ஆனால் ஹேக் நகரைச் சுற்றிய விமானதளங்களில் இறங்கிய ஜெர்மானியர்கள் டச்சுப் படையிடம் தோற்றனர்.

ஒரு தீவு முழுவதையும் வான்வழியாகவே கைப்பற்றும் முதல் பெருமுயற்சி 1941 மே 20 அன்று கிரீட் தீவில் தொடங்கியது. ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளை பிரிட்டன் படித்துவந்ததால், தீவின் தளபதி ஃப்ரேபெர்குக்குத் தாக்குதல் வருவது முன்பே தெரியும். மாலெமே, ரெதிம்னோ, ஹெராக்லியோன் பகுதிகளில் குதித்தவர்களில் பலர் வானிலேயே சுடப்பட்டனர். இன்னும் பலர் கைத்துப்பாக்கியும் கத்தியும் மட்டும் கையிலிருக்க, ஆயுதப் பெட்டிகளைத் தேடி ஓடுகையில் இறந்தனர். கிரீட் மக்களும் வேட்டைத் துப்பாக்கி, அரிவாள் என்று கிடைத்ததை ஏந்திப் போரிட்டனர்.

முதல்நாள் முடிவில் ஜெர்மனி ஒரு விமானதளத்தைக்கூடப் பிடிக்கவில்லை. மாலெமேயைக் காத்த நியூசிலாந்துப் படைப்பிரிவுக்கு அன்றிரவு தன் முன்னணிக் கம்பெனிகளுடன் தொடர்பு அறுந்தது. அவை அழிந்துவிட்டன என்று எண்ணி, தளத்தைப் பார்த்து நின்ற 107ஆம் குன்றை விட்டு அது விலகியது. மறுநாளே அத்தளத்தில் ஜெர்மானிய மலைப்படையினர் விமானங்களில் வந்து இறங்கத் தொடங்க, போரின் போக்கு திரும்பியது. ஜூன் 1க்குள் தீவு ஜெர்மனியின் வசமானது. எதிர்த்துப் போரிட்டதற்குத் தண்டனையாகக் கொண்டொமாரி கிராமத்து ஆண்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர், கண்டனோஸ் கிராமம் தரைமட்டமாக்கப்பட்டது. வான்குடைப் போரின் வரலாற்றை எழுதும்போது இக்கிராமங்களின் பெயர்களும் அதில் இடம்பெறுவதே நியாயம்.

ஜெர்மனி இழந்த ஆயிரக்கணக்கான தேர்ந்த வீரர்களைக் கண்ட ஹிட்லர் அதன்பின் இத்தகைய பெருந்தாக்குதல்களுக்கு இசையவில்லை. நேச நாடுகளோ கிரீட்டின் வெற்றியை மட்டும் கண்டு தம் வான்குடைப் படைகளை வேகமாகப் பெருக்கின.

நேச நாடுகளின் நடவடிக்கைகள்

1940 ஜூனில் ஐயாயிரம் வான்குடை வீரர்களாவது வேண்டும் என்று சர்ச்சில் உத்தரவிட்டதிலிருந்து பிரிட்டிஷ் வான்குடைப் படை தொடங்குகிறது. 1942 பிப்ரவரி இறுதியில் மேஜர் ஜான் ஃப்ராஸ்ட் தலைமையிலான ஒரு கம்பெனி பிரான்ஸ் கடலோரத்தில் புருனேவால் என்னுமிடத்தில் இறங்கி, ஜெர்மானிய ரேடார் ஒன்றின் முக்கிய உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு கடல்வழியே திரும்பியது. எடுக்க வேண்டிய பொருளும் திரும்பும் வழியும் முன்பே தெளிவாக இருந்த இத்தாக்குதல் பின்வந்தவற்றுக்கு முன்மாதிரியானது.

1943 ஜூலையில் சிசிலியில் அனுபவம் கசந்தது. 144 கிளைடர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவை கரை சேராமல் கடலில் விழுந்தன. பலத்த காற்றில் அமெரிக்க வீரர்கள் தீவெங்கும் சிதறினர். ஜூலை 11 இரவு சொந்தக் கடற்படையும் தரைப்படையும் எதிரி விமானங்கள் என்று கருதிச் சுட்டதில் 23 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் வீழ்ந்தன. இந்தத் துயரத்துக்குப் பின் நார்மண்டித் தாக்குதலில் நேச நாட்டு விமானங்களின் இறக்கைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டன.

1944 ஜூன் 6 அதிகாலையில் நார்மண்டியில் அமெரிக்காவின் 82, 101ஆம் டிவிஷன்களும் பிரிட்டனின் 6ஆம் டிவிஷனும் இறங்கின. மேகமும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் விமானங்களைக் கலைத்ததால் பலர் குறித்த இடத்திலிருந்து வெகுதொலைவில் விழுந்தனர். ஜெர்மானியர்கள் நீர் தேக்கியிருந்த தாழ்நிலங்களில் சுமையோடு மூழ்கியவர்களும் உண்டு. மெர்வில் பீரங்கித் தளத்தைத் தாக்க வேண்டிய அறுநூறு பேரில் ஏறத்தாழ 150 பேரே வந்துசேர்ந்தனர். கர்னல் ஆட்வே அவர்களைக் கொண்டே தாக்கி அத்தளத்தைப் பிடித்தார். சிதறல் எதிரியையும் குழப்பியது; தாக்குதலின் மையம் எது என்று ஜெர்மானியத் தளபதிகளால் கணிக்க முடியவில்லை. சில மணி நேரத்தில் கடற்கரையில் இறங்கிய பெரும்படை வான்குடை வீரர்களை நோக்கி முன்னேறியதுதான் வெற்றிக்கு ஆதாரம்.

அந்த ஆதாரம் 1944 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய மார்க்கெட் கார்டன் நடவடிக்கையில் இல்லாமல் போனது. நெதர்லாந்தின் பாலங்களை வரிசையாகப் பிடித்து, ஒற்றைச் சாலையில் டாங்கிகளை ரைன் நதிக்கு அப்பால் கொண்டுசெல்வது பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியின் திட்டம். கடைசிப் பாலமான ஆர்னெம் பிரிட்டனின் 1ஆம் வான்குடை டிவிஷனின் பொறுப்பு. எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுவரப் போதிய விமானங்கள் இல்லை. இறங்கிய இடங்களோ பாலத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. வானொலிக் கருவிகள் சரிவர வேலை செய்யவில்லை. ஓய்வுக்காக அங்கே நிறுத்தப்பட்டிருந்த இரண்டு ஜெர்மானிய எஸ்.எஸ். கவச டிவிஷன்கள் உடனே திருப்பித் தாக்கின. புருனேவாலில் இறங்கிய அதே ஃப்ராஸ்டின் சிறு படை மட்டுமே பாலத்தின் வடமுனையை அடைந்தது. இரண்டு நாளில் தரைப்படை வரும் என்ற நம்பிக்கையில் அது மூன்று நாளுக்கும் மேல் தாக்குப்பிடித்தது. தரைப்படை வந்துசேரவில்லை. ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே செப்டம்பர் 25 இரவு நதியைக் கடந்து மீண்டனர்.

1945 மார்ச் 24 அன்று ரைன் நதிக்கு அப்பால் நடந்த வார்சிட்டி நடவடிக்கையில் 16,000க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் ஒரே பகுதியில் இறங்கினர். தரைப்படை நதியைக் கடந்த பிறகு, அதன் பீரங்கிகள் எட்டும் தூரத்திலேயே அவர்கள் இறக்கப்பட்டனர். ஆர்னெம் கற்பித்த பாடம் இதில் தெரிகிறது.

ஆசியப் போர்முனை

ஜப்பான் 1942 பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பிடிக்க வான்குடை வீரர்களை இறக்கியது. பிலிப்பைன்சில் 1945 பிப்ரவரி 23 அன்று லாஸ் பானோஸ் முகாமின் அருகே குதித்த அமெரிக்க வீரர்கள், பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களின் துணையோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை மீட்டனர். உயிர்களை மீட்பதற்காகவே நடந்த இத்தாக்குதல் இன்றும் பயிற்சிப் பள்ளிகளில் எடுத்துக்காட்டாகக் கற்பிக்கப்படுகிறது.

இந்தியாவின் 50ஆம் வான்குடை பிரிகேடு 1941 அக்டோபரில் டெல்லியில் உருவானது. அதில் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா பட்டாலியன்கள் இருந்தன. 152ஆம் இந்தியப் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி ஏ.ஜி. ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் வான்குடையில் குதித்த முதல் இந்திய வீரர்கள். 1944 மார்ச்சில் மணிப்பூரின் சாங்ஷாக் கிராமத்தில் இந்தப் பிரிகேடு காலாட்படையாகவே நின்று, கொஹிமாவை நோக்கி வந்த ஜப்பானியரைப் பேரிழப்புடன் பல நாள் தாமதப்படுத்தியது. 1945 மே 1 அன்று ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள எலிஃபன்ட் பாயின்டில் கூர்க்கா வீரர்கள் இறங்கிக் கடல்வழித் தாக்குதலுக்குப் பாதை திறந்தனர்.

பர்மாக் காடுகளில் வான்குடையின் பெரும்பணி உணவும் தோட்டாவும் இறக்குவதாக இருந்தது. அதற்கான பட்டும் நைலானும் கிடைக்காதபோது, தளபதி ஸ்லிம்மின் யோசனைப்படி கல்கத்தா சணல் ஆலைகளில் சணல் துணியில் சரக்கு வான்குடைகள் செய்யப்பட்டன. அவற்றின் விலை பட்டு வான்குடையின் விலையில் மிகச் சிறு பங்குதான்.

1945க்குப் பின்

கொரியப் போரில் 1951 மார்ச் 23 அன்று முன்சான் அருகே அமெரிக்காவின் 187ஆம் படைப்பிரிவு குதித்தபோது, இந்தியாவின் 60ஆம் வான்குடைக் கள மருத்துவப் பிரிவின் ஒரு குழுவும் உடன் குதித்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தது. பிரிவின் தளபதி அதே ரங்கராஜ். கொரியாவில் ஆற்றிய பணிக்காக அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

தரைவழித் தொடர்பே இல்லாத இடத்தில் இறங்குவதன் விலையை டியன் பியன் ஃபூ காட்டியது. 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சு வான்குடை வீரர்கள் அந்த வியட்நாமியப் பள்ளத்தாக்கைப் பிடித்தனர். சுற்றியிருந்த மலைகளில் வியட்மின் படையினர் பீரங்கிகளைக் கையாலேயே இழுத்து ஏற்றினர். 1954 மார்ச் இறுதியில் விமான ஓடுதளம் பயனற்றுப் போனபின் எல்லாமே வான்குடையில் வரவேண்டியிருந்தது. முகாம் சுருங்கச் சுருங்க, போட்ட பொருள்களில் பெரும்பகுதி எதிரியின் பக்கம் விழுந்தது. மே 7 அன்று முகாம் வீழ்ந்தது.

இந்திய வான்குடைப் படையின் புகழ்பெற்ற நடவடிக்கை 1971 டிசம்பர் 11 அன்று கிழக்குப் பாகிஸ்தானின் டாங்கைல் அருகே நடந்தது. கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் 2ஆம் வான்குடைப் பட்டாலியன் பூங்லி பாலத்தைப் பிடித்து, வடக்கிலிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையை மறித்தது. காதர் சித்திக்கியின் விடுதலைப் போராளிகள் அப்பகுதியை முன்பே தம் பிடியில் வைத்திருந்தனர். தெற்கு நோக்கி முன்னேறி வந்த மராட்டா காலாட்படை விரைவிலேயே வான்குடை வீரர்களோடு சேர்ந்துகொண்டது. டிசம்பர் 16 அன்று டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் படைகளில் இப்பட்டாலியனும் ஒன்று.

போர்ச் சட்டத்தில் நிலை

1977ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைக் கூடுதல் நெறிமுறையின்படி, பழுதான விமானத்திலிருந்து உயிர் தப்பக் குதிப்பவரை வானில் சுடக்கூடாது. தரையிறங்கியபின் சரணடையவும் அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும். தாக்குவதற்காகக் குதிக்கும் வான்குடைப் படையினருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்றைய நிலை

1950களிலிருந்து ஹெலிகாப்டர் வான்குடையின் வேலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அது வீரர்களைச் சிதறாமல் இறக்கும், வேண்டும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளவும் செய்யும். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைகள் பரவியபின், மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும் போக்குவரத்து விமானங்களின் அணிவகுப்பு மிக ஆபத்தானதாகிவிட்டது. இருந்தும் ஹெலிகாப்டரின் எல்லைக்கு அப்பாலுள்ள தொலைவுக்கு ஒரே இரவில் படையை அனுப்ப வேறு வழியில்லை. 2003 மார்ச் 26 இரவு வட ஈராக்கின் பஷூர் விமானதளத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அமெரிக்கர்கள் குதித்தனர். 2013 ஜனவரியில் மாலியின் திம்புக்டு அருகே பிரெஞ்சு வீரர்கள் குதித்தனர்.

மேற்கண்ட நடவடிக்கைகளை ஒப்பிட்டால், வீரர்களின் துணிவில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆர்னெம்மில் தோற்றவர்களும் டாங்கைலில் வென்றவர்களும் ஒரே வகைப் பயிற்சியும் ஊக்கமும் பெற்றவர்கள். திட்டமிட்டவர்கள் இலக்கை எத்தனை அருகில் வைத்தார்கள், உதவி எத்தனை நாளில் வரும் என்பதை எத்தனை நேர்மையாகக் கணக்கிட்டார்கள் என்பதிலேயே வேறுபாடு இருந்தது. வரைபடத்தின் முன் செய்த அந்தக் கணக்குத் தவறிய இடங்களில், அதன் விலையைக் குதித்தவர்களும் அவர்கள் இறங்கிய ஊர்களின் மக்களும் கொடுத்தனர்.