அப்பாவும் சைக்கிள் பாரும்: கொஞ்சம் சரித்திரம்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. நடுவுல வீட்டுல ஒரு பஞ்சாயத்து வேற. அதுக்குத் தீர்ப்பு தேடப் போய், சைக்கிளோட இருநூறு வருஷ சரித்திரத்துல தலைகுப்புற விழுந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க.

அப்பாவுக்கு வயசு 67. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா அவருக்கு ஒரே வாகனம்தான், கறுப்பு கலர், 24 இஞ்ச் ஃபிரேம், பார் வச்ச சைக்கிள். சேலையூர்லேருந்து கேம்ப் ரோடு வழியா தாம்பரம் ஸ்டேஷன், ஸ்டாண்டுல சைக்கிளைப் போட்டுட்டு பீச் போற எலெக்ட்ரிக் ட்ரெயின், சாயங்காலம் அதே மாதிரி திரும்பி. ரிட்டயர் ஆன பிறகும் ராஜகீழ்ப்பாக்கம் கடைக்கும் மாடம்பாக்கம் கோயிலுக்கும் அதே சைக்கிள்தான்.

போன ஐப்பசியில மழை விட்ட ஒரு காலை. கேரியர்ல 10 கிலோ அரிசிப் பை. வாசல் வரைக்கும் ஜம்முனு ஓட்டிட்டு வந்தவர், இறங்கும்போது விழுந்துட்டார். கவனிங்க, ஓட்டும்போது இல்லை, இறங்கும்போது. பார் வச்ச சைக்கிள்ல காலைப் பின்பக்கமா வீசி சீட்டையும் கேரியரையும் தாண்டணும். கேரியர்ல பை இருந்தா அதையும் சேர்த்துத் தாண்டணும். நாப்பது வருஷமா தாண்டின கால் அன்னிக்குத் தாண்டலை. எலும்பு தப்பிச்சது, இடுப்பு மட்டும் நாவல்பழக் கலர்ல கன்னிப் போச்சு. அம்மா சைக்கிள் சாவியை அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டாங்க.

அதுக்கப்புறம்தான் உண்மையான பிரச்சனை. மனுஷன் வெளியவே போகலை. பேப்பர்ல டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிச்சார். சாயங்காலம் பால்கனியில நின்னு ரோட்டைப் பார்ப்பார். பார்க்கவே கஷ்டமா இருந்தது.

சரி, ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிடலாம்னு முடிவு பண்ணினேன். எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால மடக்குற சைக்கிள்னு யோசனை. அதுல ரெண்டு தினுசு. ஒண்ணு, நடுக்குழாய் சீட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உயரமா நேரா போறது. கடைக்காரர் பாஷையில 'ஸ்டாண்டர்டு'. இன்னொண்ணு, நடுக்குழாய் முழங்காலுக்கும் கீழே தாழ்ந்து வளைஞ்சு போறது, 'ஸ்டெப் த்ரூ'. போன்ல படத்தைக் காட்டினதுமே அப்பா கேட்டார்: "லேடீஸ் சைக்கிளாடா? இந்த வயசுலயா?"

இந்த 'லேடீஸ்' எங்கேருந்து வந்ததுன்னு தேடினேன்.

1885-ல இங்கிலாந்தோட கோவென்ட்ரி ஊர்ல ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்'னு ஒரு சைக்கிளை விட்டார். ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இன்னிக்கு நாம ஓட்டுறதோட கொள்ளுத்தாத்தா அதுதான். 1890 வாக்குல ஃபிரேம் இன்னிக்கு இருக்கிற வைர வடிவத்துக்கு வந்துடுச்சு. அதாவது சேர்த்து ஒட்டின ரெண்டு முக்கோணம். மூணு குச்சியை ஆணி அடிச்சு முக்கோணமாக்கினா ஆடாது, நாலு குச்சியைச் சதுரமாக்கினா ஆடும். மெக்கானிக்ஸ் கிளாஸ்ல தூங்காம கேட்ட ஒரே விஷயம் இதுதான் :-) மெல்லிசான இரும்புக் குழாயை வச்சே எடை குறைவா, உறுதியா ஒரு வண்டி செய்யணும்னா மேல அந்தக் குறுக்குக் கம்பி வேணும்.

பாரை எடுத்தா அந்தப் பாரத்தைக் கீழ்க்குழாய்தான் தாங்கணும். அதுக்குக் குழாய் தடிமனாகணும், இல்லைன்னா ரெண்டு குழாய் போடணும். எடை கூடும். அப்புறம் ஏன் எடுத்தாங்க? அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பெண்கள் கணுக்கால் வரைக்கும் பாவாடை போட்டிருந்தாங்க, அதனால. இந்த யோசனை ரோவருக்கும் ரொம்ப முந்தினது. பெடலே இல்லாம காலால உந்தித் தள்ளுற வண்டி இருந்த 1819-லயே, லண்டன்ல டெனிஸ் ஜான்சன் பெண்களுக்காக நடுப்பகுதியைத் தாழ்த்தி ஒரு வண்டி செஞ்சிருக்கார்.

ஆக, பார் வந்தது இரும்புக்காக. பார் போனது பாவாடைக்காக. ஆம்பளைத்தனம் இதுல எங்கேயும் இல்லை. நியாயமாப் பார்த்தா வேட்டி கட்டின நம்ம தாத்தாக்களுக்குத்தான் முதல்ல அந்தப் பாரை எடுத்திருக்கணும்!

நம்ம ஊருக்கு வருவோம். 1949-ல தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூர்லேருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் விட்டாங்க. தமிழ்நாட்டுக்கு சைக்கிள்னாலே பார் வச்ச 'ஜென்ட்ஸ்' சைக்கிள்தான். சீட்டுக்கு எட்டாத பசங்க என்ன பண்ணினாங்க? முக்கோணத்துக்குள்ள ஒரு காலை விட்டு, பக்கவாட்டுல தொங்கிக்கிட்டே மிதிச்சாங்க. அதாங்க குரங்கு பெடல். அப்பாவோட சைக்கிள்லயே நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். இப்போ யோசிச்சா சிரிப்பு வருது. 'ஸ்டெப் த்ரூ'ன்னா அதானே? பாருக்கு மேல போக முடியாதவன் கீழ பூந்து போறான். பத்து வயசுல அது திறமை, 67 வயசுல அது கேவலமாம்.

இதுக்கு நேர் எதிர்க் கதை புதுக்கோட்டையில நடந்தது. 1990-களோட தொடக்கத்துல அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டினதா பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ அவங்க காத்துக்கிட்டு நிக்கலை, பார் வச்சதையே எடுத்து ஓட்டினாங்க. குழந்தையை உட்கார வைக்க வசதின்னு சிலருக்கு அதுதான் பிடிச்சதாம். எது தேவையோ அதை எடுத்துக்கிட்டாங்க, பேரைப் பத்திக் கவலைப்படலை.

ஆம்பளைங்க? நாமளும் பார் இல்லாத வண்டி ஓட்டினவங்கதான், வேற பேர்ல. 1972-ல பஜாஜ் சேட்டக் வந்தது. முன்னாடி பலகை, நடுவுல காலி இடம், நேரா காலை வச்சு ஏறி உட்காரலாம். அதை யாராவது லேடீஸ் வண்டின்னு சொன்னாங்களா? 1980-ல ஓசூர்லேருந்து வந்த டி.வி.எஸ். 50-ல வேட்டி கட்டின பெரியவர் முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ஒரு மூட்டைன்னு போனாரே, அவரை யார் கிண்டல் பண்ணினா? எஞ்சின் வந்ததும் பார் மறந்து போச்சு. வெறும் சைக்கிள்ல மட்டும் அந்தக் கம்பி மானப் பிரச்சனையா நின்னுடுச்சு. 2005-06-ல விரிவான அரசு இலவச சைக்கிள் திட்டத்துல கூட பசங்களுக்கு பார் வச்சது, பொண்ணுங்களுக்கு பார் இல்லாததுன்னுதானே கொடுத்தாங்க? ஆனா மதுராந்தகம் பக்கம் எங்க ஊர்ல பேத்தியோட இலவச சைக்கிள்ல ஜாலியா போற தாத்தாக்களை நானே பார்த்திருக்கேன். முட்டி வலிக்கு ஜென்ட்ஸ், லேடீஸ் தெரியாது.

மடக்கு சைக்கிளுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. இரண்டாம் உலகப்போர்ல பாராசூட்ல குதிக்கிற வீரர்களுக்காக பர்மிங்ஹாம்ல பி.எஸ்.ஏ. மடக்கு சைக்கிள் செஞ்சது. ஆமா, அம்பத்தூர் சைக்கிள்ல நாம பார்த்த அதே பேர்தான். 1962-ல அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கரம், தாழ்ந்த ஃபிரேம்னு ஒண்ணு விட்டார். ஆணும் பெண்ணும் ஒரே வண்டியை ஓட்டலாங்கிறது அதுல முக்கியமான விஷயம். எலெக்ட்ரிக் கதையில பெரிய திருப்பம் 1993. ஜப்பான்ல யமஹா 'பாஸ்'னு விட்டாங்க. நாம மிதிக்கிற விசையை சென்சார் அளந்து, அதுக்கேத்த மாதிரி மோட்டார் கை கொடுக்கும். அதுவும் தாழ்ந்த ஃபிரேம்தான். இன்னிக்கு எலெக்ட்ரிக் சைக்கிள் கொடிகட்டிப் பறக்கிற நெதர்லாந்துல, வயசானவங்க ஏறும்போதும் இறங்கும்போதும் விழுறதைத் தனிப் பிரச்சனையாவே ஆராய்ஞ்சிருக்காங்க. எங்க அப்பா உலக வழக்கப்படிதான் விழுந்திருக்கார்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு ஒண்ணு பளிச்சுனு தெரிஞ்சது. பாருக்கு இருந்த ஒரே நியாயம் எடை. பாரை எடுத்தா எடை கூடும், மிதிக்கிறவனுக்குக் கஷ்டம். மோட்டார் வந்த பிறகு அந்தக் கூடுதல் ரெண்டு கிலோவை மோட்டார் பார்த்துக்குது. 135 வருஷமா அந்தக் கம்பி சொல்லிக்கிட்டிருந்த காரணம் காலி. மிச்சம் இருக்கிறது நம்ம கூச்சம் மட்டும்தான்.

இந்த ஆராய்ச்சியை எல்லாம் அப்பாகிட்ட ஒரு மணி நேரம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "எல்லாம் சரிடா, தெருவுல என்ன சொல்லுவாங்க?"ன்னார். வெறுத்துட்டேன்.

இருந்தாலும் கடைக்கு வந்தார். முதல்ல ஸ்டாண்டர்டு. பழக்க தோஷத்துல வண்டியைத் தன் பக்கம் சாய்ச்சுக் காலைத் தூக்கினார். மோட்டார், பேட்டரியோட 20 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி, அவரையும் சேர்த்து இழுத்துச்சு. நல்லவேளை, ஹேண்டில்பாரை நான் பிடிச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. அடுத்து தாழ்ந்தது. காலை வச்சார், உட்கார்ந்தார், இறங்கினார். திரும்ப ஏறினார். இறங்கினார். இப்படி நாலு தடவை. அப்புறம் கடைக்காரர்கிட்ட, "கேரியர் எத்தனை கிலோ தாங்கும்?"னு கேட்டார். வாங்கியாச்சு!

இப்போ தினமும் சாயங்காலம் சேலையூர் ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு. தெருவுல யாராவது கேட்டா அவர் சொல்ற பதில்: "இது மடக்கு சைக்கிள் சார், ஃபாரின் மாடல்." லேடீஸ்ங்கிற பேச்சே எழலை. வாங்கின நாள்லேருந்து அதை ஒரு தடவை கூட மடக்கலை. மடக்குற வசதியோட மிகப் பெரிய உபயோகம் அந்தப் பேர்தான்னு இப்போ புரியுது :-)

பழைய கறுப்பு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழ நிக்குது. விக்கலாம்னு அம்மா சொன்னாங்க. அப்பா வேண்டாம்னுட்டார். நானும் எதுவும் சொல்லலை.

டிஸ்கி: வீட்டுப் பெரியவங்களுக்கு வாங்கப் போறவங்களுக்கு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சில குறிப்புகள்.

1. மாடிக்குத் தூக்கலாம்னு மட்டும் மடக்கு சைக்கிள் வாங்காதீங்க. மடக்கினாலும் 20 கிலோ 20 கிலோதான். பேட்டரி தனியாக் கழட்ட வருதான்னு பாருங்க. அது ரெண்டு மூணு கிலோதான், அதை மட்டும் மேல கொண்டுபோய் சார்ஜ் போடலாம். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா ஒரு ஃபுல் சார்ஜுக்கு அரை யூனிட் கூட ஆகாது.

2. 20 இஞ்ச் சக்கரம்னா சீட்டை இறக்கி ரெண்டு காலையும் தரையில ஊன்றலாம். ஆனா நம்ம ஊர்ப் பள்ளத்துல பெரிய சக்கரத்தை விட அதிகமா குலுங்கும். டயர் அகலமா இருக்கட்டும்.

3. மடக்குற இடத்துல இருக்கிற பூட்டு இறுக்கமா இருக்கான்னு ஏறுறதுக்கு முன்னாடி தினமும் பாருங்க.

4. மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தா லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்.

5. மிக முக்கியமா, அவங்களையே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓட்டிப் பார்க்கச் சொல்லாதீங்க, இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க.