எட்டயபுரத்துச் சொல், லண்டன் குரல்

ராத்திரி ஒன்பதே காலானா குளத்தூர்ல தாத்தா ரேடியோவைத் திருகுவார். கரகரப்புக்கு நடுவே லண்டன் வரும்: பிபிசி தமிழோசை.

1941 மே மாதம், உலகப்போர் நடக்கையில், பேரரசின் தேவைக்காகத் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு அது. போருக்குப் பின் அங்கே வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர் சோ. சிவபாதசுந்தரம்தான் அதற்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தார். பாரதி பாட்டில் உள்ள சொல். பாரதி பிறந்த எட்டயபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

1928இல் அவர் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது பிரிட்டிஷ் ஆட்சி. அந்த ஆட்சியின் தலைநகரிலிருந்தே அவர் சொல் சிற்றலை ஏறிக் கரிசலுக்குத் திரும்பியது. 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்தது.

தாத்தாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. "லண்டன்லயும் நம்ம பேச்சுதான் ஓடுது, கேளுடே" என்பார். தெரியாமலே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.