லாரி முதலாளி ஏன் பெயர் பார்த்து வாங்குகிறார்?

ஆலங்காயத்து மாணவர் ஒருவர் வாணியம்பாடிக்குச் சென்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் ஒரு மணி நேரம் நின்று, போகிற லாரிகளைப் பெயர்வாரியாக எண்ணிப் பார்க்கட்டும். அசோக் லேலண்ட், டாட்டா ஆகிய இரு பெயர்களே அவர் தாளில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். பத்து லாரி வைத்திருப்பவரிடம் போனால், பெரும்பாலும் ஒரே பெயர்தான் நிற்கும். இதற்குக் காரணம் என்ன?

எஞ்சினின் திறன் என்று சொல்லத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய டாட்டா 1210 வண்டியை எடுத்துக்கொள்வோம். அந்த எண்ணிலேயே விவரம் இருக்கிறது: மொத்த எடை 12 டன், திறன் சுமார் 100 குதிரைத் திறன். 20-க்கு 1 என்ற ஏற்றத்தில் 12,000 கிலோவை இழுக்க 600 கிலோ விசை வேண்டும். தார்ச்சாலையில் சக்கர உராய்வுக்கு நூற்றில் ஒரு பங்கு, அதாவது 120 கிலோ, சேர்த்துக்கொள்க. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏற 53 குதிரைத் திறன் போதும்! சென்னையில் தயாரான லேலண்ட் காமெட் வண்டியும் இதே வேலையைச் செய்யவல்லது. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

ரகுநந்தன் சரண் என்பவர் 1948-இல் தம் மகன் பெயரால் அசோக் மோட்டார்ஸை நிறுவினார். எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களே பூட்டப்பட்டன. 1950-இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1951-இல் முதல் நான்கு காமெட் வண்டிகள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றன. 1955-இல் நிறுவனத்தின் பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று. ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கிய டாட்டாவின் டெல்கோவோ, 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸுடன் பதினைந்தாண்டு ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து மூன்று முனை நட்சத்திரம் முகப்பிலிருந்து இறங்கிய பிறகும் நம் ஊர்களில் அது நெடுநாள் 'பென்ஸ் லாரி'தான்.

உரிமம் பெற்ற சில ஆலைகளே லாரி செய்ய முடிந்த காலம் அது. அருகில் இருந்த ஆலையின் வண்டி அந்தந்தப் பக்கம் மிகுந்தது. தெற்கே லேலண்ட் வேரூன்றியது இப்படித்தான். பிறகு நடந்தது படிகம் வளர்வதைப் போன்றது. கரைசலில் ஒரு விதைப் படிகம் விழுந்தால் மற்ற மூலக்கூறுகள் அதன்மேல் வந்து அடுக்கிக்கொள்ளும் அல்லவா? ஒரு வண்டி மிகுந்த ஊரில் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் உருவானார். அவரை நம்பி உதிரி பாகக் கடை வந்தது. கடை இருப்பதால் அடுத்தவரும் அதே வண்டியை வாங்கினார். எனவே பழைய வண்டிக்கும் நல்ல விலை கிடைத்தது. கடன் கொடுப்பவர் கவனிப்பதும் அந்த விலையைத்தான். 1979-இல் சென்னையில் தோன்றிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே பெரிதாக வளர்ந்தது.

ஒற்றை லாரிக்காரருக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1975-இல் தேசிய பெர்மிட் வந்த பின் லாரிகள் பல மாநிலங்களைத் தாண்டி ஓடின. முன்பின் தெரியாத ஊரில் கியர்பாக்ஸ் உடைந்து மூன்று நாள் நின்றால் வாடகை போகும், தவணை தவறும். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடுதலாகத் தரும் புதிய வண்டியை அவர் சந்தேகத்தோடு பார்ப்பது அறியாமை என்று நான் கருதவில்லை. 1980-களில் ஜப்பானிய உதவியுடன் வந்த சிறிய லாரிகளுள் டி.சி.எம். டொயோட்டாவும் ஆல்வின் நிசானும் தனிப் பெயராக நிலைக்கவில்லை. அவை குறைபட்ட எஞ்சின்கள் அல்ல.

அந்தப் படிகம் இப்போது கரைகிறது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. டீசல் பாய்ச்சும் அளவையும் நேரத்தையும் மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. ஸ்பேனரும் காதுமாக எஞ்சினைச் சரிசெய்தவருக்கு இனி கணினி வேண்டும். ஸ்பிரிங் பட்டை, பிரேக், டயர் வேலைகள் அவரிடம் மிஞ்சியிருக்கின்றன. 1954-இல் டாட்டாவின் துணையோடு வந்த டெய்ம்லர், 2012-இல் ஓரகடத்தில் சொந்த ஆலை திறந்து பாரத்பென்ஸ் என்ற பெயரில் விற்கிறது. இன்று லாரி முதலாளி கேட்கும் முதல் கேள்வி, வழியில் கம்பெனியின் சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்பதே.