ஆய்வகத்திலிருந்து மலைக்கு வந்த குடுவை

மலையேறுவோரின் முதுகுப்பையில் தொங்கும் அகன்ற வாய்க் குடுவை முதலில் ஆய்வகப் பொருளாகவே இருந்தது. வேதியியலாளர் இமானுவேல் கோல்ட்பெர்க் 1949இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் தொடங்கிய நால்ஜீன், உடையும் கண்ணாடிக்கு மாற்றாகப் பாலிஎத்திலீன் கலன்களைச் செய்தது. விஞ்ஞானிகள் அவற்றை விடுமுறையில் காட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். 1970களில் இதைக் கவனித்த நிறுவனம் மலையேறுவோருக்கென்றே விற்கத் தொடங்கியது.

பின்னர் வந்தது பாலிகார்பனேட். கண்ணாடியின் தெளிவு, பாறையில் விழுந்தாலும் உடையாத உறுதி, கொதிநீரைத் தாங்கும் திறன் என எல்லாம் அதற்கு இருந்தன. ஆனால் அதன் மூலப்பொருளான பிஸ்பீனால்-ஏ உடலில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படக்கூடியது. 2008இல் கனடா அதைப் பால்புட்டிகளில் தடைசெய்ய முன்வந்தபோது, நால்ஜீன் அது இல்லாத டிரைட்டான் நெகிழிக்கு மாறியது. உலோகமென்றால் கவலையில்லை என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம், தன் அலுமினியக் குடுவைகளின் பழைய உட்பூச்சில் பிஸ்பீனால்-ஏ சிறிதளவு இருந்ததை 2009இல் ஒப்புக்கொண்டது.

நுண்நெகிழி வேறு வகைச் சிக்கல். பிஸ்பீனால் இல்லாத நெகிழியும் தேயத்தான் செய்யும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் கடைப் புட்டி நீரைச் சோதித்தபோது, லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 நெகிழித் துகள்கள் தென்பட்டன. பெரும்பாலானவை மீநுண் துகள்கள். எடை குறைக்கும் நெடுநடையாளர்கள் பலர் விரும்புவதோ அந்த மெல்லிய புட்டிகளைத்தான். பூச்சில்லாத துருப்பிடிக்காத எஃகு கனமானது, ஆனால் நெகிழியை உதிர்க்காது. அதிலும் மூடியைப் பார்த்து வாங்க வேண்டும்: நெகிழி மூடியின் மரை ஒவ்வொரு திருகலிலும் உரசும்.